பார்க்கப் போகும் இடம்

அன்புள்ள குட்டிக்கு,

ஆறு வருஷம் கழித்து அக்காவின் கடிதமா என்று முகத்தைச் சுளிக்காமல் படி. உன் நாட்டுக்கு வர எனக்குச் சுற்றுலா விசா கிடைத்துவிட்டது.

நான் இங்கேயே வெளிநாட்டுக்காரி. குடியிருப்பு அட்டை, நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில் கொடுத்த லீவு லெட்டர் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு உங்கள் தூதரகத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்த அம்மாள், "என்னென்ன பார்க்கப் போறீங்க?" என்று கேட்டாள். அருங்காட்சியகம், ஏரி என்று மனப்பாடம் செய்துதான் போயிருந்தேன். வாயைத் திறந்தால், "என் தங்கச்சியைப் பார்க்கணும். அவ கல்யாணத்துக்கு நான் போகல" என்று வந்துவிட்டது.

விசா போச்சு என்று நினைத்தேன். அவள், "அப்போ ஓட்டல் எதுக்கு? தங்கச்சி விலாசத்தை எழுதுங்க" என்று படிவத்தைத் திருப்பித் தந்தாள்.

யோசிக்காமல் எழுதினேன். வருஷா வருஷம் உன் கல்யாண நாளுக்கு வாழ்த்து அட்டை வாங்கி, விலாசமும் எழுதி, தபாலில் போடாமல் வைத்த கை இது.

நேற்று பாஸ்போர்ட் வந்தது. பதினைந்து நாள் கொடுத்திருக்கிறார்கள். வார்டு முழுக்கக் காட்டினேன். கால் உடைந்து படுத்திருக்கும் பெரியவர்கூடக் கை தட்டினார்.

மாப்பிள்ளையிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை நேரில் கேட்டுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை காலை வருகிறேன். கோபம் மிச்சமிருந்தால் திட்டு, ஆனால் கதவைத் திறந்துவிட்டுத் திட்டு.

உன்னைத் தூக்கி வளர்த்த,
அக்கா