போயிட்டு வரேன்

ஐப்பசி 7, செவ்வாய். மழை விடவில்லை.

மகள் விபத்தில் போன பிறகு செல்வி அக்கா இன்றுதான் வேலைக்கு வந்தார். கும்பகோணம் பஸ்ஸில் வழக்கம்போல என் பக்கத்து சீட். அவர் எதிரில் பேய் சீரியல் பேச்சையே எடுக்கக் கூடாது என்று நாங்கள் முன்பே பேசிவைத்திருந்தோம். அவரே ஆரம்பித்தார். "நேத்து எபிசோடு பாத்தீங்களாடி?"

நேற்று சீரியலில் அந்தச் செத்துப்போன பெண் அம்மாவைப் பார்க்க வந்து, வாசலில் நின்று, "போயிட்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டு மறைந்தாள்.

பின் சீட்டு மல்லிகாவுக்கு வாய் சும்மா இருக்காதே. "எழவு வீட்டுக்குப் போனா நாமளே போயிட்டு வரேன்னு சொல்ல மாட்டோம். செத்தவ சொல்றாளாம்! கதை எழுதுறவனுக்கு இதுகூடத் தெரியல" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பிரயோசனம்? எனக்கு அவளை அறையலாம் போலிருந்தது.

"சொல்லட்டுமேடி" என்றார் அக்கா. சற்று நேரம் வெளியே, தண்ணீர் நிற்கும் வயல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். "அன்னைக்கு எம்பொண்ணு 'போறேம்மா'ன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்தா. போறேன்னு சொல்லாதடி, வரேன்னு சொல்லுன்னு கத்துனேன். ஹெல்மெட் போட்டிருந்தா. காதுல விழுந்துச்சோ என்னமோ."



சாயங்காலம் திரும்பும்போது அக்கா போனில் அந்த வாசல் காட்சியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். பெண் "போயிட்டு வரேம்மா" என்பாள். ஒவ்வொரு தடவையும் அக்கா வாய்க்குள்ளேயே பதில் சொன்னார்.

"சரிம்மா. பாத்துப் போயிட்டு வா."