சொல்லாமல் போகாதே

துர்க்கு, 7 அக்டோபர் 1996

அன்புள்ள அம்மா,

கப்பல் முகவரிக்கே எழுதுகிறேன். ஃபோன் என்றால் இருவரும் மூச்சுவிடும் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருப்போம்.

ஆய்வக வேலை தொடங்கிவிட்டது. குழந்தைகள் காப்பகத்தில் விட்டதும் உன் பேத்தி சென்யா கதவைப் பிடித்துக்கொண்டு அலறுகிறாள். இன்று நழுவப் பார்த்தேன். ஆசிரியை சிர்க்கா மடக்கிவிட்டார். "சொல்லாம ஓடாதீங்க. அழட்டும். முகத்தப் பாத்து 'போயிட்டு வரேன்'னு சொல்லுங்க." சொன்னேன்.

சின்ன வயதில் நானும் இப்படி அழுவேனா?

உன் துய்ரே

கப்பலில், 11 அக்டோபர்

என் துய்ரேவுக்கு,

நீயா, அழவா? நீ தூங்கும்போதே நான் கப்பலுக்குக் கிளம்பிவிடுவேன். எழுந்து என்னைக் காணாவிட்டாலும் சத்தமே வராதாம். "பொண்ணா இது, பொம்மை!" என்பாள் உன்னைப் பார்த்துக்கொண்ட உன் அத்தை ஹெல்வி. ஆசிரியை பேச்சைக் கேட்டுப் பிள்ளையைக் கதறவிடாதே. இங்கே புயல், நான் கழுவிவைத்த இரண்டு கூடைத் தட்டு உடைந்தது. விடுமுறைக்கு வருகிறேன். ஒழுங்காகச் சாப்பிடு.

அம்மா

துர்க்கு, 16 அக்டோபர்

அம்மா,

நேற்று ஆய்வகத்தில் கொதிக்கும் குப்பி உடைந்து கை வெந்துவிட்டது. நான் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். உடன் வேலை செய்யும் யோர்மாதான் கண்டுபிடித்து இழுத்துவந்தார். "உனக்கு நாக்கு இல்லயா? ஒரு குரல் குடுத்தா என்ன?"

கூப்பிடலாம் என்றே தோன்றவில்லை, அம்மா.

சின்ன வயதில் எழுந்ததும் உன் படுக்கையைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்தால் நீ சமையலறையில். ஆறியிருந்தால் கப்பலில். அழுது யாரைக் கூப்பிட?

வா. போகும்போது எங்களிடம் சொல்லிவிட்டுப் போ. அது போதும்.

துய்ரே

கப்பலில், 28 அக்டோபர்

துய்ரே,

நேற்று விடியலில் உங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது கஞ்சியை அடுப்பில் வைத்தேனே, சாப்பிட்டீர்களா? உங்களை எழுப்பிச் சொல்லத்தான் வந்தேன். இரண்டு தரம் வந்தேன். வாய் வரவில்லை. நீ சின்னவளாக இருந்தபோதும் இப்படித்தான். உன் முகம் கோணுவதைப் பார்த்தால் நான் கப்பல் ஏறமாட்டேன். ஏறாவிட்டால் சாப்பாடு ஏது? நீ அழுவாய் என்று பயமில்லை. நான் அழுதுவிடுவேன்.

கோபமா?

அம்மா

துர்க்கு, 31 அக்டோபர்

அம்மா,

கோபம்தான்.

அன்று காலை எழுந்ததும் சென்யா உன்னை சௌனா என்னும் நீராவிக் குளியலறைவரை தேடினாள். பிறகு போட்டாளே ஒரு கூச்சல்! கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுது, தானே ஓய்ந்து, ரொட்டி கேட்டாள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை உன் கப்பல் இங்கே ஒரு மணிநேரம் நிற்குமே, நாங்கள் துறைமுகத்துக்கு வருகிறோம். பாத்திரத்துக்குப் பின்னால் ஒளியாதே. இறங்கி வா. நீ அழுதால் சென்யா பார்த்துக்கொள்வாள், அவளுக்கு அது நன்றாகத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சங்கு ஊதும்வரை விடமாட்டேன்.

துய்ரே