இரண்டு விரல் வேகம்

யூன் 9, 1996, ஞாயிறு

மத்தியானம் முழுக்கக் கரண்ட் இல்லை. வெள்ளவத்தையே விசிறிக்கொண்டு வாசலில் நிற்க, நான் மட்டும் அறைக்குள் பாஸ் கிற்றாரின் தலையை அலுமாரிக் கதவில் முட்டுக்கொடுத்து வாசித்துக்கொண்டிருந்தேன். மின்சாரம் இல்லாவிட்டால் பாஸ் கேட்காது. பலகையில் முட்டவைத்தால் அலுமாரியே பாடும். இதை ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தது. கொஞ்சம் பெருமைதான், எழுதி வைக்கிறேன்.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளுக்க சீலையெல்லாம் நடுங்குது பிள்ளை" என்றா. நடுங்கட்டும்.

யூன் 11

கந்தோரில் பக்கத்து மேசை பிறிஜெற் இன்று ஒரு கதை சொன்னாள். கொட்டாஞ்சேனையில் அவளுடைய அண்ணன் ஹியூபேட் ஒரு பாண்ட் நடத்துகிறார். அவர் லீட் கிற்றார், இவள் கீபோட். அவர்களுடைய பாஸ்காரன் டுபாய்க்குப் போய்விட்டானாம். "அருந்ததி, நீர் ஒருக்கா வந்து வாசிச்சுக் காட்டுமன்."

நாலு வருடமாகப் பாஸ் வைத்திருக்கிறேன். ஹெவ்லொக் டவுனை விட்டு மெல்பேர்னுக்குப் போன ஒரு பறங்கி மனிதரிடம் வாங்கியது. இதுவரை என் வாசிப்பைக் கேட்டது அம்மாவும் அலுமாரியும்தான். ஒரு ட்ரம்ஸுக்குப் பக்கத்தில், நாலு பேரோடு சேர்ந்து நின்று வாசிக்கவேண்டும். வேறு என்ன பெரிதாகக் கேட்டுவிட்டேன்?

யூன் 15, சனி

கொட்டாஞ்சேனைக்குப் போய் வந்தேன். இன்னும் கொதி அடங்கவில்லை.

ஹியூபேட்டைவிட வேகமாகக் கிற்றார் வாசிக்கக் கொழும்பு வடக்கில் ஆளில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவரும் மறுப்பதில்லை. ஒரு செக்கனுக்குப் பன்னிரண்டு சுரமாம். வாசித்தும் காட்டினார். உண்மையாகவே வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன், பொய் சொல்லக் கூடாது. ஆனால் பன்னிரண்டா, ஒன்பதா, ஆருக்குத் தெரியும்? கேட்டேன். "காதால எண்ண ஏலாது மிஸ். எண்ண ஏலாட்டித்தான் அது ஸ்பீட்" என்றார்.

பிறகு என் கையைப் பார்த்தார். "பிக் இல்லையா?" பிக் என்பது கம்பியைத் தட்டுகிற அந்தச் சின்னப் பிளாஸ்ரிக் துண்டு. நான் இரண்டு விரலால் வாசிக்கிறவள். சொன்னேன்.

"விரல் மெதுவான பாட்டுக்குச் சரி. பாஸ் கம்பி தடிப்பு. விரல் போய்த் திரும்பி வர நேரமெடுக்கும். எங்கட ஸ்பீட் விரலில வராது மிஸ். அது உங்கட பிழை இல்ல."

என்ர பிழை இல்லையாம்! இந்த ஒரு வசனத்துக்காகவே வாசித்துக் காட்டுவேன்.

வாசிக்கப் போகிற எல்லா டான்ஸ் நிகழ்ச்சியையும் அவர்கள் ஒரே இசையோடுதான் முடிப்பார்களாம். ஒரு வெளிநாட்டு பாண்ட் வாசித்தது. பாட்டு இல்லை, வாத்தியம் மட்டும். கடைசியில் கிற்றாரும் பாஸும் ஒரே ஓட்டமாகச் சேர்ந்து ஓடவேண்டும். "அதில தடுக்கி விழாத ஆள்தான் எனக்கு வேணும்." யூலை முடிவில் எனக்கு ஒரே ஒரு தடவை. விழுந்தால், முகத்துவாரத்தில் ஒருவர் பிக்கோடு காத்திருக்கிறார்.

யூன் 18

ஹியூபேட் தன் சீடியை வீட்டுக்கு வெளியே விடமாட்டார். பிறிஜெற் தெரியாமல் கைப்பைக்குள் கொண்டு வந்தாள். "பின்னேரம் அவன் வரமுதல் திரும்ப வைக்கணும். இல்லாட்டி நான் துலைஞ்சன்." சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் கொம்பனித்தெருவுக்கு ஓடினோம். அங்கே புவாத் நானாவின் கசற் பதிகிற கடை. போனால் கரண்ட் இல்லை.

"பின்னேரம் வாங்களே" என்றார். பின்னேரம் வரைக்கும் இருக்க முடியாது என்றோம். தலையைச் சொறிந்துவிட்டு, கையடக்க சீடி பிளேயரையும் ஒரு பழைய ரெக்கோடரையும் எடுத்தார். "பெட்டரியிலதான் அடிக்கணும். பரவால்ல, நல்லா வரும்." அடித்துத் தந்தார். சீடி நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்தது.

இரவு கரண்ட் வந்ததும் போட்டுக் கேட்டேன். என்ர சிவனே! இவர்கள் மனிதர்களா?

யூன் 20

என் கம்பிகள் கசற்றோடு ஒத்துவரவில்லை. அவர்கள் சுருதியை ஒரு டோன் கூட்டிக் கட்டியிருக்கிறார்கள். நானும் முறுக்கிக் கட்டினேன். கம்பி வேலிக் கம்பி மாதிரி இறுகிவிட்டது. அந்த நாட்டில் அப்படித்தான் கட்டுவார்களாக்கும்.

யூன் 29

ஏலாது. ஓட்டத்தில் முதல் நாலு சுரம் கேட்கிறது, மிச்சமெல்லாம் சேறு. விரல் நுனி வெடித்து, தட்டச்சில் ஒவ்வொரு எழுத்தும் நோகிறது. மனேஜர் "கைக்கு என்ன?" என்றார். கறி வெட்டினேன் என்றேன்.

அந்த மனுசன் சொன்னது சரியோ? விரலுக்கு ஒரு எல்லை உண்டோ? தடித்த கம்பியில் ஒரு மனிதனால் எவ்வளவு வேகம் போகமுடியும்? ஆனால் கசற்றில் எவனோ வாசிக்கிறானே. அவனுக்கு மட்டும் ஆறு விரலா?

யூலை 7, ஞாயிறு

கோபத்தில் பாஸைக் கட்டிலில் போட்டுவிட்டு, மூலையில் துணி மூடிக் கிடந்த வீணையை எடுத்தேன். பள்ளிக்கூடக் காலம் முழுக்கப் படித்தது, இரண்டு வருடமாகத் தொடவில்லை. சும்மா ஒரு மோகன வர்ணம். இரட்டிப்பு வேகத்தில் வாசிக்கிற இரண்டாம் காலம் வந்தபோது தற்செயலாக என் வலது கையைப் பார்த்தேன்.

ஆட்காட்டி விரல், நடுவிரல். மாறி மாறி. அதே இரண்டு விரல்தான்! ஆனால் விரல் கம்பியை விட்டு விலகுவதே இல்லை. தொட்டு, விட்டு, அங்கேயே நிற்கிறது. பாஸிலோ நான் ஒவ்வொரு தடவையும் கிணற்றில் வாளி இழுப்பதுபோல இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

விரலைக் கெதியாக ஆட்டி வேகம் வராது. விரல் போகும் தூரத்தைக் குறைத்தால் அது தானாக வருகிறது. ஹியூபேட் இதைக் கண்டாரா? எனக்கே இன்றைக்குத்தானே தெரிந்தது. மடைச்சி. இரண்டு வருடமாகத் துணியால் மூடி வைத்திருந்தேன்.

யூலை 19

கேட்கிறது. மெதுவாக வாசித்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கிறது. இனி வேகம் மட்டும்தான்.

யூலை 24, புதன்

தெஹிவளையில் ரெயினில் குண்டு. பின்னேர ரெயின், கந்தோர்ச் சனம். நான் பஸ்ஸில் வந்தேன். அம்மா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றா. என்னைக் கண்டதும் உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டா. இரண்டு பேரும் குடிக்கவில்லை. இன்றைக்கு வாசிக்கவில்லை.

ஓகஸ்ட் 4

ஒழுங்கைக்கு ஒழுங்கை செக்கிங். இந்த நிலைமையில் இவ்வளவு பெரிய கறுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆர் வரச் சொல்வார்கள்? செப்ரெம்பருக்குத் தள்ளிவைத்தாயிற்று என்று பிறிஜெற் சொன்னாள். முகத்துவாரத்து ஆளுக்கும் அப்படித்தானாம். ஒரு மாதம் கூடக் கிடைத்ததை நினைத்துச் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டதற்காக வெட்கமாகவும் இருக்கிறது.

ஓகஸ்ட் 25

வந்துவிட்டது. கசற்றோடு கசற்றாக, முழு ஓட்டமும், ஒரு சுரமும் விழாமல். எழும்பி நின்று அலுமாரிக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

செப்ரெம்பர் 7, சனி

எல்லாவற்றையும் எழுதவேண்டும்.

த்ரீவீலரில் போனேன். வழியில் செக் பொயின்ற். அடையாள அட்டை. இறங்கு. பெட்டியைத் திற. ஆமிக்காரன் பாஸை மேலும் கீழும் பார்த்தான். "கஹலா பென்னன்ன, நங்கி." வாசித்துக் காட்டட்டாம். நடு றோட்டில் கரண்டுக்கு எங்கே போக? பாஸின் தலையைத் த்ரீவீலரின் கூரைக் கம்பியில் முட்டுக்கொடுத்து அந்த ஓட்டத்தை வாசித்தேன். வண்டி முழுக்கப் பாடியது. சாரதி துள்ளி எழும்பினான். ஆமிக்காரன் சிரித்துவிட்டான். போகச் சொன்னான். விரல் ஒரு சுரம்கூடத் தவறவில்லை.

ஹியூபேட் வீட்டு முன்னறை. பிறிஜெற் கீபோட்டில், சிவபாலன் ட்ரம்ஸில். சுருதி பார்க்கும்போதே ஹியூபேட், "உங்கட பாஸ் ஒரு டோன் ஏறி நிக்குது" என்றார்.

"இந்தப் பாட்டுக்கு அப்பிடித்தானே?"

"ஆர் சொன்ன?" பாவம் பார்க்கிற பார்வை ஒன்று. நான் கம்பியை இறக்கினேன். தளர்ந்து, தொட்டாலே பேசும்போல ஆகிவிட்டது.

சிவபாலன் குச்சியைத் தட்டி நாலு எண்ணினான். தொடங்கினார்கள். எனக்கு விளங்கவே இல்லை. இழுவை! பிரேத ஊர்வலம் போகிற வேகம். இரண்டு வரி பொறுத்தேன். பிறகு நிறுத்திவிட்டேன். தலைக்குள் சூடு ஏறிவிட்டது.

"எனக்காகக் குறைக்க வேண்டாம். பொம்பிளை எண்டு பாவம் பார்க்க வேண்டாம். உண்மையான ஸ்பீடில வாசியுங்கோ."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "இதுதான் மிஸ் உண்மையான ஸ்பீட்" என்றார் ஹியூபேட்.

"பொய்."

ஓம், அவருடைய வீட்டிலேயே நின்றுகொண்டு அப்படிச் சொன்னேன்.

"அப்ப நீங்களே எண்ணுங்க."

எண்ணினேன். நாலுக்குப் பிறகு ஓடினேன். சிவபாலன் சிரித்துக்கொண்டே பின்னால் வந்து பிடித்துக்கொண்டான். பிறிஜெற் கீபோட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். ஹியூபேட் வந்தார். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரன், கூடவே வந்தார். கடைசி ஓட்டம் வரைக்கும். அதன் நடுவில் அவருடைய பிக் கம்பியில் சிக்கிப் பறந்து சோபாவுக்குக் கீழே போனது. நானும் ட்ரம்ஸும் மட்டும் ஓடி முடித்தோம். நிமிர்ந்து பார்த்தால் ஹியூபேட் முழங்காலில் நின்று பிக்கைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

எழும்பியவர் சீடியைப் போட்டார். அவர்கள் வாசித்த அதே இழுவை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூன்று மாதமாக நான் எதைப் படித்தேன்? பையிலிருந்து கசற்றை எடுத்துக் கொடுத்தேன். போட்டார். சீடியைவிட அது தலைதெறிக்க ஓடுகிறது, சுருதியும் ஒரு டோன் மேலே. பாடுகிற குரல் ஒன்று இருந்திருந்தால் எலிக் குரலாகக் கேட்டிருக்கும், அன்றைக்கே பிடித்திருப்பேன்.

பிறிஜெற் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். "பெட்டரி! அண்டைக்குப் புவாத் நானாட பெட்டரி இறங்கியிருக்கு!" சீடி தன் வேகத்தில் ஓட, ரெக்கோடர் பெட்டரி இல்லாமல் ஊர்ந்து ஊர்ந்து பதிந்திருக்கிறது. அதை வீட்டில் நல்ல கரண்டில் போட்டால் பறக்காமல் என்ன செய்யும்? சீடி தன் வீட்டை விட்டுப் போன கதையும் ஹியூபேட்டுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் கசற்றைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார்.

கசற்றில் இருந்த வேகத்தில் அந்த பாண்டே வாசித்ததில்லை. ஒருவரும் வாசித்ததில்லை. நான் வாசித்தேன்!

"ஆனா ஒவ்வொண்டும் விழுந்துதா?" என்று ஹியூபேட் சிவபாலனைக் கேட்டார்.

"எல்லாம் கேட்டிச்சு மச்சான். எண்ணலாம்."

ஹியூபேட் என் வலது கையைப் பார்த்தார். "எப்பிடி?"

"வீணை வாசிச்சனான்."

"வீணை" என்றார். பிறகு, "முகத்துவாரத்து ஆளுக்கு நான் சொல்லிவிடுறன்" என்றார்.

செப்ரெம்பர் 10

புவாத் நானாவிடம் போய்ச் சொன்னேன். திட்டத்தான் போனேன். "அல்லாஹ்வே, மூணு மாசமா அதையா கேட்டீங்க?" என்று தலையில் கை வைத்தார். பிறகு கடைக்கு வந்த எல்லாரிடமும், "இந்தத் தங்கச்சிக்கு வாசிக்கப் படிச்சுக் குடுத்தது என்ட பெட்டரி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எப்படித் திட்டுவது?

ஒக்ரோபர் 13

றிஹேர்சல். இப்போதெல்லாம் சீடி வேகத்தில்தான் வாசிக்கிறோம். எனக்கு ஊஞ்சல் ஆடுவதுபோல இருக்கிறது. நாலு பேரோடு சேர்ந்து நிற்கிறேன். வேகம் போகட்டும், இது போதும்.

முடிந்து வெளிக்கிடும்போது ஹியூபேட் படலை வரைக்கும் வந்தார். வேறு எதையெல்லாமோ கதைத்தார். மழை, பஸ், பிறிஜெற்றின் இருமல். கடைசியில்:

"அந்தப் பிழைக் கசற்ற ஒருக்காத் தர ஏலுமா?"

கொடுத்தேன். சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்துதான் சிரித்தேன்.

நவம்பர் 17

ஹியூபேட் இரண்டு கம்பி அறுத்துவிட்டாராம். ஒரு டோன் ஏற்றிக் கட்டியிருக்கிறார். வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு வாசிக்கிறாராம், பிறிஜெற் சொன்னாள். எனக்கும் அந்தக் காலம் தெரியும். விரல் வெடிக்கும், ஐயா.

டிசெம்பர் 29, ஞாயிறு

நேற்றுக் கொட்டாஞ்சேனை மண்டபத்தில் டான்ஸ். நேரத்தோடு முடிக்கவேண்டும் என்பதால் பகலிலேயே தொடங்கினோம். அம்மா வந்தா. நேவி புளூ சீலை கட்டி, முன் வரிசையில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தா.

கடைசி இசை. சிவபாலன் எண்ணுவதற்குக் குச்சியைத் தூக்கினான். ஹியூபேட் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். என் பக்கம் திரும்பினார்.

"அருந்ததி, நீங்க எண்ணுங்க."

எந்த வேகம் என்று கண்ணால் கேட்டேன். அவர் பிக்கைச் சட்டைப்பையில் இருந்து எடுத்து, விரலில் சரிசெய்துகொண்டு, "உங்கட" என்றார்.

எண்ணினேன். ஓடினோம். கடைசி ஓட்டத்தில் அவருடைய கம்பியும் என்னுடைய கம்பியும் ஒன்றாகவே போய் ஒன்றாகவே நின்றன. ஆடிக்கொண்டிருந்தவர்கள் பாதியிலேயே ஆட்டத்தை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். எவ்வளவு பெருமையாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

வரும் வழியில் த்ரீவீலரிலும் அம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தா. பம்பலப்பிட்டி தாண்டினதும் கேட்டா:

"கடைசியில உன்னோட கூட ஓடிவந்தது ஆர் பிள்ளை?"

"அவர்தான் ஹியூபேட், அம்மா."

"நல்லாப் பழகியிருக்கிறார்" என்றா அம்மா. "உன்னைப் பிடிச்சிட்டார்."