வைக்கோல் ராஜாவின் இடது கை

என் அன்பு மகன் தொர்மிக்குக்கு அம்மா ஆசிகள் பல கூறி எழுதுவது. மலைத்தாய் தயவில் இங்கே நானும் உன் தங்கை ஓலெனும் ஆடுகளும் சுகமாக இருக்கிறோம், அங்கே உன் உடம்பும் உன் வாளின் உடம்பும் எப்படி இருக்கின்றன என்று தெரியவில்லை. வாளை ஈரத்தோடு உறையில் போட்டால் முனக ஆரம்பித்துவிடும், உன் அப்பா காலத்திலிருந்தே அதற்கு அந்தக் குணம் உண்டு, அதனால் நன்றாகத் துடைத்துக் கொழுப்பு தடவி வை. உனக்கும் அதுதான் சொல்கிறேன், ஈரக் காலுறையோடு படுக்காதே. அரக்கர்களை ஆறு தாண்டி விரட்டிய ராஜா சளி பிடித்து இருமினான் என்று எந்தப் பாணனும் பாட்டுக் கட்டப் போவதில்லை, ஆனால் இருமப் போவது நீதானே.

நீ கிளம்பிய அன்று, நீ திரும்பி வந்து உன் கையால் தீ வைக்கும்வரை உன் இடத்தில் இருக்கட்டும் என்று, உன் பழைய அங்கிக்குள் வைக்கோலைத் திணித்துச் சபையில் அரியணைக் கல்லில் உட்கார வைத்தோமே, அந்த வைக்கோல் ராஜா உன்னைவிட நல்ல பேர் வாங்கிக்கொண்டிருக்கிறார். வழக்கப்படி காலையில் நான்தான் அவர் முன்னால் பார்லிக் கஞ்சி வைக்கிறேன், ஊரார் வந்து வம்பு வழக்குகளைச் சொல்கிறார்கள், அவர் வாயே திறப்பதில்லை, கத்திக் கத்திக் களைத்து இரு பக்கமும் தாமாகவே சமாதானமாகிப் போய்விடுகிறார்கள். மாவரைக்கும் கிழவன் துப்ரெல், "ராசான்னா இப்படியில்ல இருக்கணும், வரி கேக்கறதில்ல, எங்க புள்ளைங்கள சண்டைக்குக் கூப்புடறதுமில்ல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், பிறகு நான் அங்கே இருப்பது நினைவுக்கு வந்து குனிந்துகொண்டார்கள். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை மிக்கு, அவனுடைய பேரனும் உன்னோடுதான் வந்திருக்கிறான்.

இதற்கிடையில் நம் கொம்பு ஒடிந்த வெள்ளாடு, எவனோ கதவைச் சாத்தாமல் போனதால், சபைக்குள் புகுந்து ராஜாவின் இடது கையைத் தோள்வரை தின்றுவிட்டது. ஊரே கூடிவிட்டது. உன் சித்தப்பா மகன் கஸ்ரன் முகத்தை நீளமாக வைத்துக்கொண்டு, "சகுனம் சரியில்ல பெரியம்மா, பனி விழற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும், இப்பவே பொதைச்சிட்டா என்ன?" என்று கேட்டான். ஆள் இல்லாத நேரத்தில் அவன் வைக்கோல் ராஜாவை ஓரமாக நகர்த்தி அந்தக் கல்லில் உட்கார்ந்து அளவு பார்த்ததை ஓலென் கண்ணால் பார்த்திருக்கிறாள். "ஒனக்கு ரெண்டு கையும் இருக்கில்ல, போய் அந்த ஆட்டப் புடிச்சிக் கட்டு" என்றேன். அப்போதைக்குப் போனான், ஆனால் அவன் வீட்டில் புது அங்கி தைக்கிறார்களாம்.

அவன் வாயை அடைத்தேனே தவிர, அந்தச் சகுனம் எனக்கும் உறுத்தியது. சுகம் என்று நீ எழுதியதை நம்பாமல், உன் கடிதத்தைக் கொண்டுவந்த காக்கையைப் பிடித்து உட்கார வைத்தேன். நம் காக்கைகளுக்குப் பொய் சொல்ல வராது என்பதை நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது. கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன், "ரெண்டும் இருக்கு ஆத்தா" என்றது. அப்புறம் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டதும் தலையைச் சிறகுக்குள் நுழைத்துக்கொண்டது. பாலாடைக்கட்டி கொஞ்சம் வைத்தேன், இன்னும் கொஞ்சம் வைத்தேன், அப்புறம்தான் வாய் வந்தது. "சண்டை எப்பவோ முடிஞ்சி போச்சு ஆத்தா. வெரட்டறதுக்கு ஒரு அரக்கன்கூட இல்ல. ராசா சும்மா மேற்கால பாத்து நடந்துக்கிட்டே இருக்காரு, நாங்களும் பின்னாலயே போறோம். ஊருக்குத் திரும்பலாமான்னு கேட்டா, ஸவீரா அத்தை மூஞ்சில எப்படி முழிப்பேன்னு கேக்குறாரு" என்றது. அத்தனை பெரிய அரக்கர்களுக்கு அஞ்சாதவன், பக்கத்து வீட்டுக்காரிக்குப் பயந்து உலகத்தின் கடைசிவரை நடக்கப் போகிறாயா?

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. எல்தக் அவளுக்கு ஒரே பிள்ளை, பாதி நாள் நம் வீட்டு அடுப்படியில்தான் அவனுக்குச் சாப்பாடு. உன் கொடியைப் பிடித்துக்கொண்டு, நீ இறங்கச் சொன்ன ஆற்றில் முதலில் இறங்கியவனும் கரையேறாமல் போனவனும் அவன்தான் என்ற சேதி வந்த நாளிலிருந்து ஸவீரா கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் வாசலில் நான் வைக்கிற பால் தொடப்படாமலே திரிந்து போகும். நானும் வைத்துக்கொண்டுதான் இருந்தேன், வேறு என்ன செய்ய.

நேற்றுக் காலை நான் கஞ்சி வைத்துக்கொண்டிருக்கும்போது அவள் சபைக்குள் வந்தாள், கையில் துணி துவைக்கிற கட்டை. எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். நேராகப் போய் வைக்கோல் ராஜாவை அடிக்க ஆரம்பித்தாள். "எம் புள்ளைய ஆத்துல எறக்கிட்டு நீ எங்கடா போயிட்ட, எங்கடா போயிட்ட" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். ராஜாவின் மேல் கை வைப்பது குற்றம் என்று கஸ்ரன் முனகினான், யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் தடுக்கவில்லை மிக்கு, எந்த வாயால் தடுப்பேன். வைக்கோல் சபை முழுக்கப் பறந்தது. கடைசியில் மூச்சு வாங்கி அப்படியே தரையில் உட்கார்ந்தவள், காலித் தோளைப் பார்த்து, "இதுக்குக் கை எங்க?" என்று கேட்டாள். ஆடு தின்றுவிட்டது என்றேன். "நீ ஆடு வளக்குற லட்சணம் அப்படி" என்றாள். அந்தச் சேதி வந்த பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான், நான் அழுதுவிட்டேன்.

எழுந்து வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது எல்தக்கின் குளிர்ச்சட்டையிலிருந்து பிரித்த ஒரு கையும் ஊசி நூலும் கொண்டுவந்தாள். சிதறிய வைக்கோலைத் தானே பொறுக்கி அதற்குள் திணித்து, ராஜாவின் தோளில் வைத்துத் தைத்தாள். தைத்துக்கொண்டே சொன்னாள், "வைக்கோல அடிச்சா எனக்குத்தான் தோள் வலிக்குது. ஏன் அடிக்கிறன்னுகூட இது கேக்க மாட்டேங்குது. ஒம் மவன வரச்சொல்லு மெயிஷா. எம் புள்ள கடைசியா என்ன சாப்ட்டான், என்ன பேசுனான், குளுருதுன்னு சொன்னானா, அதெல்லாம் அவன்தான சொல்லணும்? அவனயும் நீங்க பனியில பொதைச்சிட்டீங்கன்னா நான் போய் யாரக் கேப்பேன்?"

மேல் சிகரம் வெளுத்துவிட்டது, காற்றில் பனி வாசம் அடிக்கிறது. நீ வருவதற்குள் சபை முற்றத்தில் முதல் பனி விழுந்தால் நீ இறந்ததாகக் கணக்கு, வைக்கோல் ராஜாவுக்கு முதல் பிடி மண்ணை நான்தான் போட வேண்டும், அதற்குப் பிறகு நீ உயிரோடு வந்து நின்றாலும் உன் பெயரைச் சொல்லவோ ஒரு வாய் தண்ணீர் தரவோ எனக்கு உரிமை கிடையாது. என்னால் அது முடியாது மகனே. ஸவீரா உன்னை மன்னித்துவிட்டாள் என்று பொய் சொல்லிக் கூப்பிடமாட்டேன். அவள் மன்னிக்கவில்லை, துவைக்கிற கட்டையையும் கையோடுதான் வைத்திருக்கிறாள். வந்து அடி வாங்கிக்கொள், கேட்டதற்கெல்லாம் பதில் சொல், அவள் அழுதால் நீயும் கூடவே உட்கார்ந்து அழு. மற்றப் பிள்ளைகளுக்கும் தாய்மார்கள் காத்திருக்கிறார்கள், அவர்களையும் கூட்டிக்கொண்டு கணவாய் அடைபடும் முன் கிளம்பு.

மலைத்தாய் உன் காலடியைக் காப்பாள், உனக்கும் உன்னோடு நடக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். காக்கைக்கு வயிறு நிறையப் போட்டுத்தான் அனுப்புகிறேன், பசி என்று சொன்னால் நம்பாதே, அதற்குப் பசி எப்போதும் இருப்பதால் அது பொய் ஆகாது. வாளுக்குக் கொழுப்பு, காலுக்குக் காய்ந்த உறை, இரண்டையும் மறக்காதே. இன்னொன்று, ஸவீரா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியது. நீ வந்து வைக்கோல் ராஜாவுக்குத் தீ வைக்கும்போது அந்த இடது கை எரியக் கூடாதாம். முதலில் நீயே தையலைப் பிரித்து அதை அவளிடம் கொடுக்க வேண்டுமாம். அதனால்தான் தையலைத் தளர்வாகப் போட்டிருக்கிறாளாம்.

வாசலைப் பார்த்தபடி,
உன் அம்மா
மெயிஷா