குளத்தைப் பார்த்த கண்ணாடிச் சுவர்

2013 அக்டோபர் 7, திங்கள்

காலையில் ஆபீஸ். ஒரு கிளினிக்குக்குப் படிக்கட்டு வரைந்தேன். மழை இல்லை. லிஜின் மஸ்கட்டில் இறந்து, நான் தனியாகி எட்டு மாதம். "அழுதிருட்டி, நெஞ்சில கெட்டி வைக்கப்பிடாது" என்றார் மாமியார். சரி என்று தலையாட்டினேன். அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

கிளாரா அக்கா ஆபீசுக்கு வந்தாள். எங்கள் கடற்கரை ஊர்க்காரி. தோவாளைப் பக்கம் குளக்கரையில் நாங்கள் கட்டிக்கொடுத்த கல்யாண மண்டபத்தில் பெருக்குகிற வேலை. கையில் ஒரு வாளி, மேலே பேப்பர் போட்டு மூடியிருந்தாள். எடுத்துக் காட்டினாள். ஆறு செத்த பறவைகள். அதில் ஒரு மாங்குயில், மஞ்சள் மங்காமல் இருந்தது.

"ஏட்டி ரெஜிஷா, குளத்தப் பாத்த கண்ணாடிச் செவரு நீ வரஞ்சதுதானே?"

"ஆமாக்கா."

"குளமும் மரமும் அதுக்குள்ளயும் தெரியுதுல்லா, நெசம்னு நெனச்சுப் போயி மோதுது. தெனமும் பொறுக்கிப் பொறுக்கி எனக்கு மனசு வெறுத்துப்போச்சு."

எஞ்சினியர் முத்துநாயகம் சார் எட்டிப் பார்த்து, "அத வெளிய கொண்டு வைம்மா" என்றார். அக்கா போய்விட்டாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆறு என்று எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 11, வெள்ளி

மண்டபத்தின் வரைபடங்களை எடுத்துப் பார்த்தேன். முதல் படத்தில் அங்கே கண்ணாடியே கிடையாது. ஓட்டை ஓட்டையாக விட்ட செங்கல் சுவர், வெளியே நீண்ட கூரை இறவாரம். குளத்துக் காற்று உள்ளே வரும், கரையில் நிற்கும் மரங்களை வெட்ட வேண்டாம் என்று போன வருடம் நான்தான் சண்டை போட்டு வைத்தேன். பிறகு மண்டப முதலாளிக்குக் கண்ணாடி ஆசை வந்தது. மார்ச் 4-ஆம் தேதி ஒரே மத்தியானத்தில் எல்லாவற்றையும் அழித்து மாற்றி வரைந்திருக்கிறேன். லிஜினை அடக்கம் செய்து மூன்றாவது வாரம். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கைதான் வரைந்தது, நான் அங்கே இல்லை — இப்படிச் சொல்லிக்கொள்ளலாம். மாங்குயிலுக்கு அது தெரியுமா?

அக்டோபர் 19, சனி

விடிந்ததும் மண்டபத்துக்குப் போனேன். ஏழிலிருந்து ஒன்பது வரை நின்றேன். சத்தம் பெரிதாக இல்லை. ஈரத்துணியைக் கல்லில் அடித்த மாதிரி. மூன்று விழுந்தன. இரண்டு செத்துவிட்டன. ஒரு மீன்கொத்திக்கு உயிர் இருந்தது. அட்டைப்பெட்டியில் வைத்து மூடினேன். அரை மணி கழித்துத் திறந்தபோது பறந்து போயிற்று. கையில் எடுத்தபோது அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. அது மட்டும் மனதில் இருக்கிறது.

நவம்பர் 6, புதன்

மண்டப முதலாளி நாராயணபெருமாளைப் பார்த்தேன். பூ வியாபாரத்தில் வளர்ந்தவர். மேசையில் இன்னும் பூ மணம்தான்.

"எம்மா, மண்டபத்துக்கு அழகே அந்தக் கண்ணாடிதான். அது முன்னால நின்னு படம் எடுக்கதுக்குன்னே திருநெவேலியில இருந்து ஆளு வாறான். நீதானே வரஞ்சே?"

"ஆமா சார். வரைஞ்சிருக்கப்பிடாது. தப்பு எம்மேலதான்."

மேசையில் கிடந்த காலண்டரைப் புரட்டினார். "மார்கழியில கலியாணம் கெடையாது. அந்த ஒரு மாசம் என்னமும் செஞ்சு பாரு. தை பொறக்கும்போ செவரு பழையபடி இருக்கணும், மனசிலாச்சா?"

நவம்பர் 7, வியாழன்

முத்துநாயகம் சார் கோபமாக இருக்கிறார். "தப்புன்னு நம்ம வாயாலயே சொன்னா அடுத்த வேல எவன் தருவான்?" போய் உட்கார்ந்து வரைந்தேன்.

நவம்பர் 23, சனி

இந்த வாரம் ஒன்பது.

டிசம்பர் 17, செவ்வாய்

லிஜினின் தம்பி லிஜோ வேன் பிடித்துப் பழைய மீன் வலைகளை மண்டபத்துக்குக் கொண்டுவந்தான். கண் சிறிய வலைகள். கண்ணாடியிலிருந்து ஒரு முழம் தள்ளி, மேலிருந்து கீழ்வரை கட்டினோம்.

"மைனி, இதுல சிக்கிச் செத்திராதா?"

"விறைப்பா இழுத்துக் கெட்டினா சிக்காது. தட்டித் திரும்பிரும்."

ஏணியில் நின்றபடி, "அண்ணன் இத பாத்தா என்ன சிரிப்பு சிரிப்பான்!" என்றான். ஆமா என்றேன். அடுத்த முடிச்சுக்குக் கயிற்றை நீட்டினேன். வலையில் இன்னும் கடல் நாற்றம்.

டிசம்பர் 25, புதன்

கோயிலுக்குப் போனேன். வந்தேன்.

டிசம்பர் 31, செவ்வாய்

இரண்டு வாரத்தில் ஒன்றே ஒன்று. கிளாரா அக்கா போனில் சொன்னாள்; குரல் சந்தோஷமாக இருந்தது. நானும் சந்தோஷப்பட வேண்டும்.

2014 ஜனவரி 13, திங்கள்

வலையை அவிழ்த்துவிட்டார்கள்.

"கொறஞ்சுதுன்னு ஒத்துக்கிடுகேன்" என்றார் நாராயணபெருமாள். "ஆனா கலியாண வீட்டுல மீன் வலையாம்மா? நாலு பேரு சிரிக்கமாட்டானா?"

சரி என்று திரும்பி நடந்தேன். வாசலில் பூ அலங்காரம் செய்கிற இசக்கி, வளைவிலிருந்து கயிறுகளைத் தொங்கவிட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரமோ. பிறகு திரும்பப் போய்க் கேட்டேன்.

"சார், வலை வேண்டாம். கண்ணாடிக்கு வெளிய வெள்ளைக் கயிறு தொங்கவிடலாம். நாலு விரக்கடைக்கு ஒண்ணு. அதுக்கு ஊடால பறவை நுழையப் பாக்காது. கலியாணத்துக்கு அதுலயே பூச்சரம் கெட்டிக்கிடலாம்."

அவர் இசக்கியைக் கூப்பிட்டார். "நடக்குமாலே?"

"அம்சமா இருக்கும் அண்ணாச்சி."

சரி என்று இன்னும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போதே டிக்கெட்டின் பின்பக்கம் கயிற்றுக் கணக்குப் போட்டேன்.

ஜனவரி 22, புதன்

கட்டியாயிற்று. நூற்றிருபது கயிறு. இசக்கியும் லிஜோவும் நானும். விரலெல்லாம் கொப்புளம். வலிக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

லிஜினுக்கு ஒரு வருடம். பூசை முடிந்து கல்லறைக்குப் போனோம். மாமியார் அழுதார். நான் மெழுகுதிரியைக் காற்றுக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 2, ஞாயிறு

போன மாதம் முழுக்க இரண்டு. ஒன்றுமே இல்லாமல் ஆகவில்லை. செத்தவை செத்தவைதான்.

முகூர்த்த நாட்களில் கயிறு முழுக்கப் பிச்சியும் அரளியும். பெண்ணும் மாப்பிள்ளையும் அதன் முன்னால்தான் படம் எடுக்கிறார்கள். நாராயணபெருமாள் அது தன் யோசனை என்று எல்லாரிடமும் சொல்கிறாராம். சொல்லட்டும். குளக்கரையில் பாவியிருந்த சிமென்ட் கல்லில் பாதியை எடுத்துவிட்டுப் பூவரசும் புன்னையும் வைக்கலாமா என்று கேட்டேன். "வச்சுக்கோ" என்றார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையில் நாராயணபெருமாளே போன் பண்ணினார்.

"எம்மா, வாசல் சன்ஷேடுக்கு அடியில ஏதோ குருவி மண்ண உருட்டிக் கூடு கெட்டுது. மாப்பிள வந்து எறங்குத எடம். வாச்மேன் இடிச்சிரட்டான்னு கேக்கான். கைய வச்சிராதலேன்னு சொல்லிட்டேன். எச்சம் மேல விழாம இருக்க என்னம்மா செய்யணும்?"

"கூட்டுக்குக் கீழ ஒரு பலகை அடிச்சாப் போதும் சார்."

"அளவு போட்டு ஒரு படம் வரஞ்சு தந்திரு."

ஒரு பலகை, இரண்டு தாங்கி. இதற்கு ஒரு படமா? அடுக்களை மேசையில் உட்கார்ந்து வரைந்தேன். குஞ்சு எட்டிப் பார்த்தால் விழாமல் இருக்க விளிம்பில் ஒரு சட்டம் வைத்தேன். அது சரியாக வரவில்லை என்று மூன்று தடவை அழித்தேன். நிமிர்ந்தபோது மணி இரண்டு. பசித்தது.

மாமியார் சோறு போட்டார். சாளை மீன் கறி.

"புளி கூடிப்போச்சு மாமி" என்றேன்.

கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். "ஒரு வருசமா நான் என்னத்த வச்சாலும் திண்ணே. இப்பந்தான் நாக்கு முழிச்சுதாக்கும்."

இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன்.