சிறுநீரகத்துக்குப் பூசிய சுண்ணாம்பு

மச்சாள்,

பக்கத்து வீட்டு மதிலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கரைக்கிறார்கள். நெடி குசினிவரை வந்துவிட்டது. தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் கட்டைபறிச்சானிலிருந்து கிளினிக்குக்காக வந்து என் வீட்டில் நின்ற நாட்கள் ஒன்றும் மறக்கவில்லை. என் கலியாணத்தன்று, உங்கள் தம்பிக்கு வேறு பெண் பார்த்திருக்கலாம் என்று எல்லோர் முன்னாலும் நீங்கள் சொன்னதும் மறக்கவில்லை. அது வேறு கதை.

இரத்தப் பிறசரைக் கூட்டுகிற ஓமோன் ஒன்றை உங்கள் சிறுநீரகம் அதிகமாகச் சுரக்கிறது என்று கிளினிக்கில் அந்த இளம் டொக்டர் பிள்ளை சொன்னா.

"அதை நிப்பாட்ட ஏலாதோ பிள்ளை?" என்று கேட்டீர்கள்.

அவவும் பொறுமையாகக் கிளினிக் கொப்பியில் படம் கீறிக் காட்டினா. உடம்பில் மற்ற இடங்களில் அனேகமாகக் கண்ணுக்குத் தெரியாத சின்னக் கலத்துக்குள் கல்சியம் ஏறினால்தான் ஓமோன் வெளியே வருமாம். இந்த ஓமோனுக்கு மட்டும் எதிர்மாறு. கல்சியம் ஏறினால் சுரப்பது அடங்கிவிடுமாம்.

"ஆனா அது கலத்துக்குள்ள நடக்கிற விசயம் அம்மா. நீங்கள் நான் தாற மருந்துக் குளிசையைப் போடுங்கோ."

பின்பாதி உங்கள் காதில் ஏறவில்லை. பஸ்ஸில் கேட்டீர்கள்:

"சுண்ணாம்பும் கல்சியம்தானே?"

"ஓம்."

"பிறகென்னத்துக்குக் குளிசை? வெத்திலைக்குக் கொஞ்சம் கூடப் பூசினாப் போச்சு."

"உங்களுக்கு வெள்ளைக் கோட்டு ஒண்டுதான் குறை" என்று சிரித்தேன். சிரித்துவிட்டு, நீங்கள் கேட்கக் கேட்கச் சந்தையில் சிப்பிச் சுண்ணாம்பும் வாங்கித் தந்தேன். குளிசையை நீங்கள் விட்டது தெரிந்தும் பேசாமல் இருந்தேன். உங்களோடு வாய் கொடுத்து யார் வெல்வது?

பிறகு சாப்பிட்டதெல்லாம் சத்தி, தீராத தாகம், தொடர்பில்லாத பேச்சு. இரத்தத்தில் கல்சியம் கூடிச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தின்ற சுண்ணாம்பு இரத்தத்தில் ஏறுமே தவிர, நாம் நினைத்த இடத்தில் போய் வேலை செய்யாதாம்.

"இவ்வளவு சுண்ணாம்பை ஆர் வாங்கிக் குடுத்தது?" என்று டொக்டர் பிள்ளை கேட்டா. உங்கள் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் குனிந்து உங்கள் போர்வையை இழுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து உங்களுக்குத் தெளிவு வந்திருந்தது.

"நானேதான் வாங்கினனான். இவள் தின்னாதேங்கோ எண்டு சண்டை பிடிச்சவள்."

அதுதான் உங்கள் கடைசிப் பேச்சு. இத்தனை வருடத்தில் எனக்காக நீங்கள் வாய் திறந்தது அந்த ஒருமுறைதான். அதுவும் பொய். உங்களோடு கோபமாய் இருக்கவும் வழியில்லாமல் செய்துவிட்டுப் போனீர்கள்.

உங்கள் மகள் இப்போதும் மீன் கொண்டுவந்து தருகிறாள். "அம்மாவைத் தடுத்துப் பார்த்த ஒரே ஆள் நீங்கள்தானே மாமி" என்கிறாள்.

ஒவ்வொரு முறையும் நான் ஓம் என்றுதான் சொல்லிவருகிறேன்.