பாதி மலையில் இறங்கிய தேனீக்கள்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்பதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் என் மனம் நம்பும். தண்ணீர்த் தொட்டிகளை ஏற்றிக்கொண்டு போன உன் பிக்கப் மேட்டில் கொதித்து நின்றுவிட்டது, ஆளில்லாத சாலையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன் என்று போனில் சொன்னாயே, அன்றிலிருந்து கண்ணை மூடினால் எனக்கு எஞ்சினிலிருந்து எழும் ஆவிதான் தெரிகிறது. அதனால் போன வாரம் எங்களுக்கு நடந்ததை விவரமாக எழுதுகிறேன், போனில் சொன்னால் பாதியில் சிரிப்பாய், மீதியில் அழுவாய்.

நம் தேன்பெட்டிகளை வைத்திருந்த சூரியகாந்தித் தோட்டத்துக்காரர் திடீரென்று வந்து, நாளைக்குப் பூச்சிமருந்து அடிக்கிறேன், உங்க தேன்பெட்டிய எல்லாம் எடுத்துருங்க என்று சொல்லிவிட்டார். மருந்து பட்டால் ஒரு தேனீகூட மிஞ்சாது. விடியுமுன் கிளம்பி மலைமேல் காட்டோரம் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று அன்று பொழுது சாய்ந்ததும் பெட்டி வாசல்களை வலையால் அடைத்தோம். ஆனால் பெட்டி தூக்க வருகிற நெட்டையர் அசந்து தூங்கிவிட்டு ஆடி அசைந்து வந்தார், எல்லாவற்றையும் ஒரே நடையாக நம் வண்டியில் அடுக்கிக் கயிறு கட்டிக் கிளம்பும்போது வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. அப்பாவின் இதய ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்டியரிங் என் கைக்கு வந்துவிட்டது உனக்குத் தெரியும், பிரேக் மட்டும் இன்னும் அவர் காலில்தான் இருக்கிறது, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்தே கால்விரிப்பு ஓட்டையாகிவிட்டது.

மலை ஏற ஏற முன்னால் தார்ச்சாலை தண்ணீர்போல நெளிந்தது, பின்னால் பெட்டிகளின் ரீங்காரம், மெழுகும் தேனும் கலந்த வாசனை, நான் ஓட்டுகிறேனா யாராவது தொட்டிலில் போட்டு ஆட்டுகிறார்களா என்றே தெரியவில்லை. அந்த மயக்கத்தில்தான் சூடு காட்டும் ஊசி பாதியைத் தாண்டியதை நான் கவனிக்கவில்லை. அப்பா கவனித்துவிட்டார். ஏசிய நிறுத்து, கியரைக் குறைச்சு மெதுவாப் போ, கண்ணாடிய இறக்கிட்டு ஹீட்டரை முழுசாப் போடு என்றார். இந்த வெயில்ல ஹீட்டரா, உங்களுக்கு ஆபரேஷன் நெஞ்சுலயா மூளையிலயா என்று கேட்டேன். எஞ்சினோட சூட்டைக் கொஞ்சம் நாம வாங்கிக்குவோம், அதுக்கு வேற யாரு இருக்கா என்றார். போட்டேன். முகத்தில் அனல் அடித்தது, இருவருக்கும் வியர்வை வழிந்தது, ஊசி மட்டும் அசையாமல் நின்றது, அதற்குமேல் ஏறவில்லை.

ஒரு வளைவில் பெரிய மரநிழல் வந்ததும் ஓரங்கட்டினேன். எஞ்சினை உடனே அணைக்காதே, கொஞ்சம் ஓடட்டும், ஃபேன் சுத்தட்டும் என்றார் அப்பா, பானெட்டை மட்டும் தூக்கிவைத்தோம். நெட்டையர் போய் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் பார்த்தார், ஐயோ, அப்பா போட்டாரே ஒரு சத்தம், ஆபரேஷனுக்குப் பிறகு அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதே இல்லை. சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும், நீயும் ஆறும்வரை தொடாதே கண்ணு. பிறகு அணைத்து ஆறவிட்டுப் பார்த்தால் ரேடியேட்டர் முன்பக்கம் முழுக்கச் சூரியகாந்தி இதழ்களும் வைக்கோலும் அப்பிக் காற்றுப் போக வழியே இல்லை. மஞ்சள் இதழ்களை ஒவ்வொன்றாக நான் உரித்தெடுக்க அவை சாலையில் பறந்துகொண்டே போயின. ஆனாலும் இனி வருவதுதான் செங்குத்து. இந்தப் பாரத்தோட போனா திரும்பவும் கொதிக்கும், பாதிய இங்க இறக்கு, ரெண்டு நடையாப் போ, நான் காவலுக்கு இருக்கேன் என்றார் அப்பா. போனுக்கு சிக்னல் இல்லாத இடம், நெஞ்சில் தையல் போட்ட மனிதர். நான் தயங்கினேன். நான் என்ன பச்சப் புள்ளையா, நின்னு பேசப் பேச அதுகளுக்குத்தான் மூச்சு முட்டுது, கிளம்பு என்று விரட்டினார்.

பாதிப் பாரத்தில் வண்டி ஊசியை அசைக்காமல் ஏறியது. மேலே நெட்டையரோடு பெட்டிகளை வைத்து வாசல் திறந்துவிட்டு, ஒரே மூச்சில் இறங்கினேன். வளைவில் திரும்பினால் காற்றெல்லாம் தேனீ. அப்பா மரத்தடியில் சாய்ந்து கிடக்கிறார், சட்டையில், தலைமுடியில், உள்ளங்கையில் எல்லாம் தேனீக்கள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன, அவர் அசையவே இல்லை. அந்த ரீங்காரத்தில் மூச்சு வருகிறதா என்று எப்படிக் கேட்பது? மண்டியிட்டு நெஞ்சில் கை வைத்தேன். கண்ணைத் திறக்காமலே, கைய எடு, சுடுது என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், அவர் என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். உள்ள சூடேறிச் சத்தம் மாறிப்போச்சு, செத்துரும்னு திறந்துவிட்டுட்டேன், இனிமே இந்த இடம்தான் அதுகளுக்கு வீடு என்றார். வெளியே பறந்து இடம் பழகிவிட்டால், கொஞ்ச தூரம் நகர்த்தினாலும் பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிடுமே. அதனால் தேனீக் குடும்பம் பாதி மலைமேலும் பாதி அந்த வளைவிலுமாக இருக்கிறது, அப்பா தினமும் என்னை அங்கே ஓட்டச் சொல்கிறார், போய் இருவரும் சும்மா அந்த ரீங்காரத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், அவ்வளவு நிம்மதியாக இருக்கிறது.

காலையில் எஞ்சின் சில்லென்று இருக்கும்போதே கூலன்ட்டைப் பார், ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார். உங்கள் மேலாளர் எல்லாவற்றையும் ஒரே நடையில் ஏற்றச் சொன்னால், ரெண்டு நடை போனா தொட்டி ஒண்ணும் கோவிச்சுக்காதுன்னு எங்கப்பா சொன்னார் என்று சொல், இதை எழுதச் சொன்னது அவர்தான். நீ நீண்ட ஆயுளோடு, போகிற வழியெல்லாம் நிழலோடு இருக்க வேண்டும் தாயே. கூடவே குடிக்கத் தண்ணீர் எடுத்துவைத்துக்கொள், வண்டிக்கு இல்லை, உனக்கு.

உன் வழியையே நினைத்திருக்கும்,
அம்மா